பவுடர்ல இருந்து கெட்டியான ஸ்டீல் பார்ட் எடுக்கணுமா? புதுசா இறங்குறவங்களுக்கு படிப்படியா

கோயம்புத்தூர் பக்கம் பம்ப், வெட் கிரைண்டர், ஜவுளி மெஷின் பார்ட் செய்ற சின்ன யூனிட்காரங்க நிறைய பேரு இப்ப கேக்குற கேள்வி இது. ராடு வாங்கி லேத்துல கடைஞ்சு ஹாப்பிங் போட்டு (பல்லு வெட்டி) பாதி இரும்ப சிப்ஸா தள்ளுறதுக்கு பதிலா பவுடர் மெட்டலர்ஜிக்கு, அதாவது இரும்புத் தூள டைல அமுக்கி ஃபர்னஸ்ல சூடாக்கி பார்ட் செய்ற முறைக்கு, மாறிடலாமா? மாறலாம், நல்லாவே ஓடும். ஆனா இந்த லைன்ல தகவல் எல்லாம் துண்டு துண்டா தான் கிடைக்குது, பவுடர் விக்கிறவர் ஒண்ணு சொல்வார், பார்ட் செஞ்சு தர்றவர் ஒண்ணு சொல்வார், நாங்க அடிபட்டு அலைஞ்சு தெரிஞ்சுக்கிட்டத வரிசையா எழுதுறேன், உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

ஒரு விஷயத்த முதல்லயே மனசுல ஏத்திக்குங்க. பார்ட்டோட அடர்த்தி பெரும்பாலும் பிரஸ்ல முடிவாகுது, ஃபர்னஸ்ல இல்ல. "சின்டர் பண்ணா (அமுக்கின பார்ட்ட உருகாம ஃபர்னஸ்ல சூடாக்கினா) சுருங்கி கெட்டியாயிடும்"னு நினைச்சு தான் நிறைய பேரு ஏமாறுறாங்க. சாதாரண பிரஸ் பண்ணி சின்டர் பண்ற முறைல ஃபர்னஸ் வேலை துகள்கள ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வைக்கிறது மட்டும் தான். 2 சதவீதம் காப்பர் போட்ட மிக்ஸ்னா பார்ட் லேசா வீங்கும், பவுடர்ல கலந்த மெழுகு லூப்ரிகண்டும் எரிஞ்சு போயிடும், அதனால பிரஸ்ல அடர்த்தி 7.0 (சிசிக்கு 7 கிராம்) இருந்தது வெளிய வர்றப்ப அதுக்கு கொஞ்சம் கீழ தான் நிக்கும்.

1. அடர்த்தி எவ்வளவு வேணும்னு முதல்ல எழுதுங்க

முழு இரும்பு 7.86 கிராம்/சிசி. உங்க பார்ட்டுக்கு அவ்வளவு தேவையே இல்லாம இருக்கலாம். ஸ்பேசர், லீவர், லோடு கம்மியா உள்ள புல்லி இதுக்கெல்லாம் 6.6லிருந்து 6.8 போதும். லோடு எடுக்கிற கியர், ஸ்ப்ராக்கெட்னா 7.0லிருந்து 7.2. அடி வாங்குற பார்ட், பல்லு மேல திரும்பத் திரும்ப லோடு வர்ற கியர்னா 7.4க்கு மேல யோசிக்கணும்.

டென்சைல் ஸ்ட்ரெங்த் அடர்த்தியோட ஓரளவு நேர் விகிதத்துல ஏறும், ஆனா இம்பாக்டும் (திடீர் அடி தாங்குறது) ஃபடீக்கும் (திரும்பத் திரும்ப வர்ற லோடு தாங்குறது) அப்படி இல்ல, 7.0க்கு மேல தான் அது வேகமா ஏற ஆரம்பிக்கும். விறைப்பும் குறையும், முழு ஸ்டீல் 205 ஜிபிஏ பக்கம்னா 7.0ல சுமார் 140 தான். அதனால ராடுல செஞ்ச பார்ட்ட அதே அளவுல பவுடருக்கு மாத்துறப்ப வளைவு எவ்வளவு வரும்னு ஒரு கணக்கு போட்டுட்டு மாத்துங்க.

2. பார்ட் பிரஸ்ஸுக்கு ஒத்து வருமான்னு பாருங்க

பவுடர் மேலிருந்தும் கீழிருந்தும் தான் அமுங்கும், பக்கவாட்டுல ஓடாது. அதனால குறுக்கு ஓட்டை, பக்கவாட்டு பள்ளம், திரெட் எதுவும் பிரஸ்ல வராது, அப்புறமா மெஷினிங் தான். சுவர் கனம் 1.5 எம்எம்முக்கு கீழ போகாதீங்க. உயரம் அகலத்த விட 3 மடங்குக்கு மேல இருந்தா நடுவுல அடர்த்தி கிடைக்காது. புட்டுக்குழல்ல மாவ ஒரு பக்கத்துல இருந்து மட்டும் குத்தினா அடுத்த முனை எப்படி பொலபொலன்னு நிக்குமோ அதே கதை தான், டை சுவர்ல உரசி உரசி அழுத்தம் கீழ போய் சேராது, அதனால தான் ரெண்டு பக்கமும் அழுத்துறாங்க, அப்பவும் நடுப்பகுதி கொஞ்சம் லேசா தான் இருக்கும்.

சாம்ஃபர் முனைய கத்தி மாதிரி கூரா போடாதீங்க, 0.2 எம்எம் அளவுக்கு ஒரு சின்ன ஃப்ளாட் விடுங்க, இல்லன்னா பஞ்ச் முனை உடைஞ்சுக்கிட்டே இருக்கும்.

அடுத்து டன்னேஜ். ஒரு கியர், வெளி விட்டம் 40, போர் 15, கனம் 12 எம்எம்னு வச்சுக்குவோம். அமுக்குற பரப்பு சுமார் 10.8 சதுர சென்டிமீட்டர். 600 எம்பிஏ அழுத்தம்னா சதுர சென்டிமீட்டருக்கு 6 டன்னுக்கு மேல, ஆக 66 டன் பக்கம் வேணும், 100 டன் பிரஸ்ல நிம்மதியா ஓட்டலாம். பவுடர் டைல விழுறப்ப அடர்த்தி 3 பக்கம் தான், அத 7 ஆக்கணும்னா 12 எம்எம் பார்ட்டுக்கு 28 எம்எம் பவுடர் நிரம்பணும். அவ்வளவு ஃபில் டெப்த் அந்த பிரஸ்ல இருக்கான்னு கேளுங்க. டன்னேஜ மட்டும் பார்த்து "முடியும்"னு சொல்லிட்டு டூல் செஞ்சதுக்கப்புறம் ஃபில் பத்தலன்னு கைய விரிக்கிறது இந்த தொழில்ல சகஜம்.

3. மிக்ஸ்ல லூப்ரிகண்ட் எவ்வளவுன்னு கேளுங்க

இத யாரும் புதுசா வர்றவங்களுக்கு சொல்றதில்ல, எனக்கு இது தான் ரொம்ப முக்கியமா படுது, கொஞ்சம் பொறுமையா படிங்க.

இரும்பு பவுடர்ல ரெண்டு ரகம். ஒண்ணு ஸ்பாஞ்ச், நுரை மாதிரி உள்ள ஓட்டை உள்ள துகள், பச்சையா, அதாவது அமுக்கி இன்னும் சின்டர் பண்ணாம, இருக்கிறப்பவே நல்லா பிடிச்சு நிக்கும் ஆனா அவ்வளவா அமுங்காது. இன்னொண்ணு வாட்டர் அட்டமைஸ்டு, உருகின இரும்ப தண்ணி பீச்சி தூளாக்கினது, நல்லா அமுங்கும், அடர்த்தி வேணும்னா இது தான். ஹோகநாஸ் கம்பெனி நம்பர்ல சொன்னா என்சி100.24 முதல் ரகம், ஏஎஸ்சி100.29 ரெண்டாவது ரகம். அதுக்கு மேல அலாய் வேணும்னா 0.85 சதவீதம் மாலிப்டினம் உருக்குலயே கலந்து வர்ற பவுடர் கிடைக்கும், அமுங்குற குணம் அதிகம் கெடாது. குரோமியம், மாங்கனீஸ் அதிகமா கலந்தத புதுசா ஆரம்பிக்கிறவங்க தொடாதீங்க, ஃபர்னஸ் கேஸ் கொஞ்சம் ஈரமா இருந்தா போதும், ஆக்சைடு ஆயிடும்.

இதோட கிராஃபைட், காப்பர், கடைசியா மெழுகு மாதிரி லூப்ரிகண்ட், அமைடு வாக்ஸ் இல்லன்னா ஜிங்க் ஸ்டியரேட், வழக்கமா 0.8 சதவீதம். இந்த 0.8 பார்க்க சின்ன நம்பர் தான், ஆனா மெழுகோட அடர்த்தி 1 பக்கம், இரும்பு அத விட கிட்டத்தட்ட 8 மடங்கு, அதனால இடம்னு பார்த்தா அது சுமார் 6 சதவீதத்த அடைச்சுக்குது. கணக்கு போடுங்க: 100 கிராம் மிக்ஸ்ல இரும்பு 98.4 கிராம், அது 12.5 சிசி. கிராஃபைட் 0.8 கிராம், 0.36 சிசி. மெழுகு 0.8 கிராம், 0.8 சிசி. மொத்தம் 13.7 சிசி. அதாவது ஒரு துளி காத்து கூட இல்லாம அமுக்கினாலும் 7.3 தான் உச்சம். நிஜத்துல அதுல 98 சதவீதம் தொட்டா பெரிய விஷயம், அப்ப 7.15 பக்கம் நிக்கும். அதுக்கு மேல டன்னேஜ ஏத்தி ஏத்தி அடிச்சாலும் பார்ட் வெளிய வர்றப்ப தட்டு தட்டா பிளக்குமே தவிர அடர்த்தி ஏறாது. மெழுக 0.4 ஆக குறைச்சா உச்சம் 7.5 ஆகுது, ஆனா டை உரசி கீறும், எஜெக்ஷன் முரண்டு பிடிக்கும்.

அதனால ஒருத்தர் "சாதா பிரஸ்லயே ஒரே அடில 7.4 தரேன்"னு சொன்னா லூப்ரிகண்ட் சதவீதம் என்னன்னு கேளுங்க. பதில் வரலன்னா அடுத்த ஆள பாருங்க.

மிக்ஸ நீங்களே கலக்குறதா இருந்தா டபுள் கோன் பிளெண்டர்ல 20, 30 நிமிஷம் போதும். ரொம்ப நேரம் சுத்தவிட்டா பவுடர் டைல விழுற அடர்த்தி மாறிடும், ஃபில் செட்டிங் எல்லாம் தப்பும். மூட்டை லாரில குலுங்கி வந்தா கிராஃபைட் பிரிஞ்சு நிக்கும், ஒவ்வொரு லாட்டுக்கும் ஃப்ளோ டெஸ்ட் போடுங்க, 50 கிராம் பவுடர் ஹால் புனல்ல இறங்குற நேரம் தான் அது. மழைக்காலத்துல டிரம்ம திறந்து போடாதீங்க.

4. வழிய தேர்ந்தெடுங்க

7.1 வரைக்கும் ஒரு தடவ பிரஸ், ஒரு தடவ சின்டர். இதுல முடியும்னா இதோட நிறுத்துங்க, இத விட சல்லிசான வழி கிடையாது.

7.2லிருந்து 7.4க்கு வார்ம் காம்பாக்ஷன். பவுடரையும் டூலையும் 120லிருந்து 150 டிகிரி வரை சூடாக்கி, அதுக்குன்னே உள்ள லூப்ரிகண்ட கம்மியா போட்டு அமுக்குறாங்க. டைய மட்டும் 60லிருந்து 90 டிகிரி சூடு பண்ற முறையும் இருக்கு, செட்டப் செலவு அதுல கம்மி.

7.3லிருந்து 7.5க்கு டபுள் பிரஸ் டபுள் சின்டர். ஒரு தடவ அமுக்கி, 750லிருந்து 850 டிகிரில முன் சூடு கொடுத்து, திரும்ப அமுக்கி, அப்புறம் முழு சின்டர். அந்த முன் சூட்டுல மெழுகு எரிஞ்சு போயிடும், துகள் இளகிடும், கிராஃபைட் மட்டும் இரும்புக்குள்ள கரையாம வெளியவே இருக்கும். சூடு அதுக்கு மேல போனா கார்பன் உள்ள கரைஞ்சு பார்ட் கட்டியாயிடும், ரெண்டாவது அடிக்கு மசியாது. இங்க தப்பு பண்றவங்க நிறைய. செலவு ரெண்டு செட் டூல், ரெண்டு தடவ ஃபர்னஸ்.

காப்பர் இன்ஃபில்ட்ரேஷன்னு ஒண்ணு இருக்கு, பார்ட் மேல ஒரு காப்பர் பில்லைய வச்சு ஃபர்னஸ்ல விட்டா 1083 டிகிரில உருகி ஓட்டைக்குள்ள இறங்கிடும், 7.3க்கு மேல வரும், டூல் மாத்த வேண்டாம். மேல சொன்ன கியருக்கு 12லிருந்து 15 கிராம் காப்பர் பிடிக்கும், காப்பர் விலைல அது பார்ட் இரும்போட விலைய தாண்டிடும். பிரஷர் தாங்கணும், கசியக்கூடாதுன்னு இருக்கிற பார்ட்டுக்கு மட்டும் இத பாருங்க.

7.8 வேணும்னா பவுடர் ஃபோர்ஜிங், பிரீஃபார்ம சூடு பண்ணி டைல ஒரே அடி. கார் கனெக்டிங் ராடு இப்படி செய்றாங்க, ஆனா அதுக்கு ஆட்டோமொபைல் அளவு ஆர்டர் வேணும். பார்ட் ரொம்ப சின்னது, வடிவம் சிக்கலானதுன்னா மிம், அதாவது 20 மைக்ரானுக்கு கீழ உள்ள பவுடர பைண்டரோட கலந்து பிளாஸ்டிக் மாதிரி இஞ்செக்ட் பண்றது. இதுல நிஜமாவே சுருங்கும், நீளத்துல 15லிருந்து 20 சதவீதம், அடர்த்தி 95 சதவீதத்துக்கு மேல. ஃபர்னஸ்ல கெட்டியாகுதுன்னு நீங்க கேள்விப்பட்டது பெரும்பாலும் இத பத்தி தான்.

ஹிப், அதாவது சூட்டோட நாலா பக்கமும் கேஸ் அழுத்தம் கொடுத்து ஓட்டைய மூடுற முறை, அத பத்தி ஒரு எச்சரிக்கை. "பிரஸ் பண்ணி சின்டர் பண்ணிட்டு ஹிப் கொடுத்துட்டா முழு அடர்த்தி வந்துரும்"னு சொல்றவங்க இருக்காங்க. வராது. முழு அடர்த்தில 90 சதவீதம் இருக்கிறப்ப ஓட்டைகள் பெரும்பாலும் வெளிப்பக்கம் திறந்தே இருக்கும், ஹிப்ல உள்ள ஆர்கான் அதுக்குள்ளயே போயிடும், அழுத்த என்ன இருக்கு? ஓட்டை மூடியிருக்கணும், அதுக்கு 92லிருந்து 95 சதவீதமாவது வேணும், இல்லன்னா டப்பாக்குள்ள வச்சு சீல் பண்ணணும்.

5. டூல் வெட்டுறதுக்கு முன்னாடி சாம்பிள்

டூல் செலவு பெருசு, அதனால முதல்ல சின்டர் பண்ண பிளாங்க், பெரிய வில்லை மாதிரி வச்சிருப்பாங்க, அத வாங்கி உங்க பார்ட்ட கடைஞ்சு ஓட்டி பாருங்க. அதே கிரேடு, அதே அடர்த்தில கேட்டு வாங்குங்க. ஆராய்ச்சி அளவுல சந்தேகம்னா ஐதராபாத்ல ஏஆர்சிஐ இருக்கு, பவுடர் மெட்டலர்ஜிக்குன்னே உள்ள மத்திய அரசு மையம். திருச்சி என்ஐடி, கோவை பிஎஸ்ஜி டெக் ரெண்டுலயும் மெட்டலர்ஜி டிபார்ட்மென்ட் இருக்கு, மைக்ரோஸ்ட்ரக்சர், ஹார்ட்னஸ் பார்க்கணும்னா நேரா போய் பேசுங்க.

6. பேப்பர் வேலை

டிராயிங்ல வெறும் "சின்டர்டு ஸ்டீல்"னு எழுதினா நீங்க தொலைஞ்சீங்க. கட்டாயம் இருக்க வேண்டியது:

- கிரேடு, எம்பிஐஎஃப் 35 இல்லன்னா ஐஎஸ்ஓ 5755 படி, ரெண்டும் சின்டர்டு மெட்டீரியலுக்கான ஸ்டாண்டர்டு. உதாரணத்துக்கு எஃப்சி-0208, காப்பர் 1.5லிருந்து 3.9, கார்பன் 0.6லிருந்து 0.9 சதவீதம்.
- குறைந்தபட்ச அடர்த்தி, எந்த இடத்துலன்னு சேர்த்து. கியர்னா பல்லுப் பகுதி தனியா, ஹப் தனியா. சராசரி மட்டும் எழுதினா ஹப் 7.2, பல்லு 6.8னு வந்து நிக்கும், சராசரி சரியா தான் இருக்கும், பல்லு தான் உடையும்.
- அளக்கிற முறை, ஐஎஸ்ஓ 2738.
- எந்த அளவு சைசிங்குக்கு (சின்டர் ஆன பார்ட்ட திரும்ப டைல அமுக்கி அளவ சரி பண்றது) அப்புறம், எது சின்டர் ஆனபடியே. எல்லாத்துக்கும் டைட் டாலரன்ஸ் போட்டா விலை ஏறும்.

அடுத்தது டூல் யாருக்கு சொந்தம்னு எழுத்துல வாங்குங்க. காசு உங்களது, டூல் அவங்க பிரஸ்ல, நாளைக்கு வேற இடத்துக்கு மாத்தணும்னா டூலும் அதோட டிராயிங்கும் தரணும்னு ஆர்டர்லயே இருக்கணும். எத்தன பீஸ் வரை டூல் மெயின்டெனன்ஸ் அவங்க பொறுப்புன்னும் சேருங்க. எங்களுக்கு ஒரு இடத்துல "டூல் எங்க பிரஸ்ஸுக்கு மட்டும் தான் பொருந்தும்"னு சொல்லி மாசக்கணக்கா இழுத்தாங்க, எழுத்துல இல்லாததால பேச வழியே இல்லாம போச்சு.

டூல நீங்க வாங்கி ஜாப் ஒர்க்குக்கு அனுப்புறதா இருந்தா டெலிவரி சலான் போட்டு அனுப்புங்க. ஜிஎஸ்டில ஜாப் ஒர்க்குக்கு போன சரக்கு 1 வருஷத்துக்குள்ள, மெஷின் மாதிரி கேப்பிட்டல் பொருள் 3 வருஷத்துக்குள்ள திரும்பணும், ஆனா மோல்டு, டை, ஜிக், ஃபிக்ஸ்சர், டூல் இதுக்கெல்லாம் அந்த கெடு கிடையாது. ஆடிட்டர்ட்ட இத சொல்லி வச்சுக்குங்க. இரும்பு, ஸ்டீல் பவுடர் எச்எஸ்என் 7205ல வரும்.

நீங்களே ஃபர்னஸ் போடுறதா இருந்தா மாசு கட்டுப்பாட்டு வாரியத்துல முதல்ல அமைக்க அனுமதி, அப்புறம் இயக்க அனுமதி, இந்த வரிசைல தான். அமோனியா, ஹைட்ரஜன் சிலிண்டர் ஸ்டாக் வைக்கிறதுக்கு பெசோ (வெடிபொருள், கேஸ் பாதுகாப்ப பார்க்கிற மத்திய அரசு அமைப்பு) விதி இருக்கு, கேஸ் சப்ளை பண்றவர் "பார்த்துக்கலாம்"னு சொல்வார், அத நம்பி ஷெட் கட்டாதீங்க. உத்யம் பதிவு (சிறு தொழிலுக்கான அரசு பதிவு) இலவசம், ஏஜென்ட்டுக்கு காசு கொடுக்க வேண்டியதில்ல.

7. காசும் நேரமும்

பவுடர் பார்ட்ல விலைய தீர்மானிக்கிறது அளவு தான். கார்பைடு டை, டூல் ஸ்டீல் பஞ்ச், கோர் ராடு எல்லாம் சேர்த்து ஒரு பேச்சுக்கு 5 லட்சம்னு வைங்க, 10,000 பீஸுக்கு பீஸுக்கு 50 ரூபாய் டூலுக்கே போகுது, 1 லட்சம் பீஸ்னா 5 ரூபாய். அதனால வருஷத்துக்கு சில ஆயிரம் பீஸ் தான் தேவைன்னா கடைசல்லயே இருங்க, வருத்தப்படாதீங்க.

கோட்டேஷன் வாங்குறப்ப பவுடர் எடை, பிரஸ், சின்டர், சைசிங், ஹீட் ட்ரீட்மென்ட், டீபர்ரிங் எல்லாத்தையும் தனித்தனி வரியா கேளுங்க. ஒரே நம்பரா கொடுத்தா பின்னாடி காப்பர், மாலிப்டினம் விலை ஏறினா எதுக்கு எவ்வளவு ஏத்தினாங்கன்னு தெரியாது. நம்ம கியர் 7.0ல 91 கிராம், 7.4ல 96 கிராம் வரும், ஆக அடர்த்தி கூடுறதுக்கு பவுடர் செலவு அஞ்சாறு சதவீதம் தான் கூடுது, மிச்ச விலை ஏத்தம் பூரா ஆபரேஷனுக்கு.

டூலுக்கு 8லிருந்து 12 வாரம் சாதாரணம். அப்புறம் டிரையல், அளவு திருத்தம், திரும்ப டிரையல். சின்டர்ல அளவு எப்படி நகரும்னு முதல் டிரையல்ல தான் சரியா தெரியும், அதுக்கேத்த மாதிரி டைய திருத்தணும், அதனால கஸ்டமர்ட்ட தேதி சொல்றப்ப டூல் வந்த நாள டெலிவரி நாளா சொல்லிடாதீங்க.

8. ஃபர்னஸ்ல பார்க்க வேண்டியது

முதல் பகுதி 500லிருந்து 600 டிகிரி, மெழுகு எரியணும். இங்க அவசரப்பட்டா பார்ட் மேல கரி படியும், இல்லன்னா கொப்புளம் வெடிக்கும். அப்புறம் 1120 டிகிரில 20லிருந்து 30 நிமிஷம். மெஷ் பெல்ட் ஃபர்னஸ் 1150க்கு மேல தாங்காது, 1250 வேணும்னா புஷர் இல்லன்னா வாக்கிங் பீம் ரக ஃபர்னஸ், அதுல ஓட்டைகள் உருண்டையாகி இம்பாக்ட் நல்லா கூடும். கேஸ் நைட்ரஜன் 90 ஹைட்ரஜன் 10, இல்ல அமோனியாவ பிரிச்சு எடுக்கிறது, எதுவா இருந்தாலும் டியூ பாயின்ட் (கேஸ்ல எவ்வளவு ஈரம்னு காட்டுற அளவு) மைனஸ் 40 டிகிரி பக்கம் இருக்கான்னு கேளுங்க, ரெக்கார்டு காட்ட சொல்லுங்க. ஈரம் இருந்தா மேல்தோல்ல கார்பன் போயிடும், ஹார்ட்னஸ் வராது.

சொந்த ஃபர்னஸ்னா ஒரு விதி உயிர் சம்பந்தப்பட்டது: சூடு 750 டிகிரிய தாண்டாம ஹைட்ரஜன உள்ள விடாதீங்க, அதுக்கு முன்னாடி நைட்ரஜன்ல நல்லா பர்ஜ் பண்ணுங்க. அணைக்கிறப்பவும் அதே வரிசை தலைகீழா.

பச்சைல விழுந்த விரிசல் சின்டர்ல ஒட்டாது. அதனால பச்சை பார்ட்டயே மண்ணெண்ணெய் தடவி விரிசல் பார்க்கிற பழக்கம் அவங்ககிட்ட இருக்கான்னு கவனிங்க.

9. அதுக்கப்புறம் வர்ற வேலைகள்

ஓட்டை உள்ள பார்ட்ங்கிறத மறந்துட்டு கடைசல் பார்ட் மாதிரியே நடத்துறதால தான் பாதி ரிஜெக்ஷன். தண்ணி கலந்த கூலன்ட் போட்டா உள்ள இறங்கி துரு பிடிக்கும். சால்ட் பாத் ஹீட் ட்ரீட்மென்ட் வேண்டவே வேண்டாம், உப்பு ஓட்டைக்குள்ள மாட்டிக்கிட்டு கழுவினாலும் போகாது. பிளேட்டிங் போடணும்னா முதல்ல ரெசின் இம்ப்ரெக்னேஷன், அதாவது ஓட்டைய ரெசினால அடைக்கணும். கார்புரைசிங் கேஸ் 7.0க்கு கீழ உள்ள பார்ட்ல நடு வரைக்கும் புகுந்துடும், தோல் மட்டும் கட்டியாகணும்னா 7.2க்கு மேல இருக்கணும். ஸ்டீம் ட்ரீட்மென்ட் துருவுக்கும் தேய்மானத்துக்கும் நல்லது தான், ஆனா அது ஆக்சைடு அடைப்பு, அடர்த்தி கூடின மாதிரி கணக்குல காட்டினா ஒத்துக்காதீங்க.

10. முதல் லாட் வந்தவுடனே

பவுடர் லாட் சர்டிஃபிகேட், கார்பன் ரிசல்ட், அடர்த்தி ரிப்போர்ட் மூணும் இல்லாம பில்ல பாஸ் பண்ணாதீங்க. அடர்த்திய நீங்களும் பாருங்க. சும்மா தண்ணில முக்கி எடை போட்டா ஓட்டைக்குள்ள தண்ணி போய் நம்பர் கூடுதலா காட்டும், அதனால பார்ட்ட முதல்ல காத்துல எடை போட்டுட்டு, எண்ணெய்ல ஊற வச்சு அடைச்சுட்டு, திரும்ப காத்துல ஒரு எடை, தண்ணில ஒரு எடை எடுக்கணும். ஒரு பார்ட்ட வெட்டி பல்லு, ஹப், நடுப்பகுதின்னு துண்டு துண்டா போடுங்க.

ஹார்ட்னஸ் ராக்வெல்ல கம்மியா காட்டினா உடனே சண்டைக்கு போகாதீங்க, ராக்வெல் ஓட்டையையும் சேர்த்து தான் அளக்குது, டிராயிங்லயும் அந்த தோற்ற ஹார்ட்னஸ் தான் எழுதணும். துகள் நிஜமாவே எவ்வளவு கட்டின்னு தெரியணும்னா மைக்ரோ ஹார்ட்னஸ் போட சொல்லுங்க. கோவைல உள்ள சிட்டார்க் டெஸ்டிங் சென்டர்லயோ வேற நல்ல லேப்லயோ கொடுக்கிறப்ப இது சின்டர்டு பார்ட்னு ரிக்வெஸ்ட் ஃபார்ம்லயே எழுதிடுங்க, இல்லன்னா சாதா ஸ்டீல் மாதிரி டெஸ்ட் பண்ணி ஃபெயில்னு அனுப்பிடுவாங்க.